புன்னைக்காயலுக்குக் கீழே

பேட்டைக் கிட்டங்கி வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது ஐயம்பெருமாளின் சட்டைப்பைக்குள் போன் ஒரு உதறு உதறியது. எடுத்துப் பார்த்தார். 'நீங்கள் புன்னைக்காயலுக்கு இறக்கப்பட்டீர்கள்' என்று இருந்தது. கீழே, கவிழ்ந்து கிடக்கிற தோணி ஒன்றின் படம்.

சாவியைச் சைக்கிளிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினார். உள்ளே சிலுவை தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார். மாட்டுத் தீவன மூட்டை சுமக்கிற அந்தக் கிட்டங்கியில் இருவரும் வெகுகாலமாக ஒரு ஜோடி.

"சிலுவை, என்னைய இறக்கிட்டானுவ வே."

"எங்கன?"

"புன்னைக்காயலுக்கு."

சிலுவைக்குச் சொந்த ஊரே புன்னைக்காயல். "எங்க ஊருக்கு வாரதுக்கு எதுக்கு வே இந்த நடுக்கம்? வாரும். சாளையப் பொரிச்சுத் தின்னுட்டு ரெண்டு பேரும் காத்து வாங்கிட்டுக் கெடப்போம்."

"வெளையாடாதேயும். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு உமக்குத் தெரியாதா?"

சிலுவை சிரிப்பை நிறுத்தினார். தெரியும். கடல்.

பொருநை இணையக் கேரம் லீக் என்ற ஒன்றை ஆரம்பித்தவர் கிட்டங்கி முதலாளி குமரகுருபரன் அண்ணாச்சி. பலகை வேண்டாம், பவுடர் வேண்டாம், எல்லாம் போனிலேயே. முதல் கூட்டத்துக்கு அண்ணாச்சியின் சொந்தக்காரர்களும் சேக்காளிகளுமாக ஒரு சிறு கூட்டம் வந்திருந்தது. ஏழு அடுக்கு என்று முடிவாயிற்று. பொருநை ஆற்றின் போக்கிலேயே பெயர் வைத்தார்கள். உச்சியில் பொதிகை. அப்புறம் பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம். கடைசியில் ஆறு கடலில் விழுகிற புன்னைக்காயல். பெயர் வைத்து முடித்ததும் வந்தவர்கள் அத்தனை பேரும் பொதிகையில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் ஒரு குறை தென்பட்டது. கீழே ஆளே இல்லை. கீழே ஆள் இல்லாவிட்டால் மேலே இருப்பது எப்படி? வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்ததாம். அதனால் கிட்டங்கியின் லோடுமேன்களை எல்லாம் லீக்கில் சேர்த்தார்கள். அப்படியும் அடுக்குகள் ரொம்பவில்லை. லோடுமேன்களின் பெண்டாட்டிகளையும் சேர்த்தார்கள். கேட்டுச் சேர்த்தார்கள் என்று சொல்ல முடியாது.

யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதற்கு விதி எழுதியவர் லீக்கின் செயலாளர் சிவசைலம். ஓய்வுபெற்ற தாசில்தார். பேச எழுந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிறவரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

"தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? கீழ்ப்பக்கம். ஆகவே இறக்கம் என்பது இயற்கை. இயற்கைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வாரந்தோறும் அடுக்கில் கடைசியாக நிற்பவர் தானாக இறங்கிவிடுவார். ஏற்றம் அப்படியல்ல. இயற்கைக்கு விரோதமானது. தண்ணீரை மேலே கொண்டுபோக மோட்டார் போட வேண்டாமா? அதற்கு மனு வேண்டும். மனுவைப் பார்க்கக் கமிட்டி வேண்டும். கமிட்டி கூட நல்ல நாள் வேண்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கீழே நின்றவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள். தட்டாதவர்களை மகேஷ் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மகேஷ் அண்ணாச்சியின் அக்கா மகன். லீக்கின் தொழில்நுட்பத் தலைவர் என்று அவனுக்குப் பெயர்.

இதெல்லாம் விளையாட்டுதானே என்றுதான் ஐயம்பெருமாளும் நினைத்தார். தாஜ் முகம்மது புன்னைக்காயல் அடுக்கிலும் தோற்றுக் கடலில் விழுகிறவரைக்கும். தாஜ் முகம்மது நல்ல சுமைக்காரர். கேரம் மட்டும் வராது. மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தவரை அண்ணாச்சி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஏலே, கடல்ல கெடக்கவனுக்குக் கரையில என்னலே வேல?"

தாஜ் முகம்மது சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. மூட்டையைக் குத்தி இழுக்கிற அவருடைய கொக்கியை மகேஷ் வாங்கி ஆணியில் மாட்டினான். அன்றையிலிருந்து கிட்டங்கியில் போன் உதறுகிற சத்தம் கேட்டால் ஆளுக்கொரு பக்கமாகச் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஐயம்பெருமாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஐம்பது தாண்டின தோளை இன்னொரு கிட்டங்கியில் சேர்க்க மாட்டார்கள். இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை. அதனால் சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேரம் பழகினார். அதிலும் ஒரு சங்கடம். காய்த்துப்போன அவருடைய விரலைப் போன் கண்டுகொள்வதே இல்லை. எத்தனை தேய்த்தாலும் ஸ்ட்ரைக்கர் அசையாது. கடைசியில் சுண்டுவிரலை மடக்கி அதன் புறமுட்டியால் தேய்த்தார். போன் ஏற்றுக்கொண்டது. புறமுட்டியாலேயே ஆடி, புன்னைக்காயல் அடுக்கில் வரிசையாக மூன்று பேரை ஜெயித்துவிட்டார்.

மனு எழுதி எடுத்துக்கொண்டு சிவசைலத்திடம் போனார். செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் படித்தார்.

"மூணு ஆட்டம் ஜெயிச்சிருக்கியோ?"

"ஆமாய்யா."

"எங்க ஜெயிச்ச?"

"புன்னைக்காயல்லதான்யா."

"பாத்தியா. அந்த இடம் உனக்கு எவ்வளவு பொருத்தமா இருக்குன்னு நீயே நிரூபிச்சிருக்க. நல்லா வேர் புடிச்ச செடியப் புடுங்கி வேற இடத்துல நடலாமா?"

"தோத்திருந்தா ஏத்துவீங்களாய்யா?"

"தோத்தா இறக்கம். அது இயற்கைன்னு சொன்னேம்லா."

ஐயம்பெருமாள் வெளியே வந்து வாசற்படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தால் அங்கேயே இருக்க வேண்டும், தோற்றால் கீழே போக வேண்டும் என்பதுவரைக்கும் அவருக்கு விளங்கியது. ஏறுவது எப்படி என்பதுதான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் தட்டுப்படவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பெண்டாட்டி தங்கத்தாய் பீடித்தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தா, இது என்னதுன்னு பாருங்க. என்னையச் சேரன்மாதேவிக்கு ஏத்திருக்காவளாம். நான் எந்தப் பஸ்ஸுக்கும் பதியலியே?"

பார்த்தார். ஏற்றம்தான். பூமாலை போட்ட படம்கூட இருந்தது. தங்கத்தாய் அந்த விளையாட்டை ஒருநாளும் திறந்ததில்லை. ஆடாததால் தோற்றதில்லை. பட்டியலைக் குறைந்த தோல்விப்படி மகேஷ் அடுக்கியிருந்ததால் அவள் மனு இல்லாமலே தானாக மேலே போய்க்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்கன இருக்கீங்க?"

"புன்னைக்காயல்ல."

தங்கத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் குடத்த எடுத்துட்டுப் போயி நீங்களே தண்ணி புடிச்சிட்டு வாங்க. மேல இருக்கவ கீழ எறங்கப்படாதுல்லா" என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றி, "அட, சும்மா சொன்னேன்யா. என்ன இப்பிடி வெளுத்துப் போச்சு மூஞ்சி?" என்றாள்.

விஷயம் கிட்டங்கியில் பரவியது. ஆடாவிட்டால் ஏறலாம் என்று தெரிந்ததும் லோடுமேன்கள் யாரும் போனைத் தொடவில்லை. ஒரு வாரம் லீக் முழுவதும் ஒரு காய்கூட அசையவில்லை. கமிட்டி அவசரமாகக் கூடியது. 'மேல் அடுக்கில் ஆடாமல் இருப்பது நிதானம். கீழ் அடுக்கில் ஆடாமல் இருப்பது சோம்பல்' என்று ஒரு தீர்மானம் வந்தது. சோம்பலுக்குத் தண்டனையாக அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ் அடுக்குகளில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு படி இறங்கினார்கள். புன்னைக்காயலில் ஒரே நெருக்கடியாகிவிட்டது. அங்கிருந்து கடைசி ஆள் கடலில் விழுந்தார். அடுத்த வாரம் இன்னொருவர். அப்படியே வாராவாரம் இறங்கி லோடுமேன்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பெண்டாட்டிகளைப் பாராட்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பீடிக்கு இலை வெட்டுவதா போனைப் பிடித்துக்கொண்டு அலைவதா என்று கேட்டு, தங்கத்தாயும் மற்றவர்களும் விளையாட்டையே போனிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

பொதுக்கூட்டம் கிட்டங்கிக்குள்ளேயே நடந்தது. மூட்டைகளை அடுக்கி மேடை போட்டவர்களும் ஐயம்பெருமாளும் சிலுவையும்தான். பொதிகைக்காரர்கள் மேடைமேல் நாற்காலியில் இருந்தார்கள். புன்னைக்காயலுக்கு என்று கழிவுநீர் வாய்க்கால் ஓரமாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் இப்போது இருவர்தான் மிச்சம். நடுவில் உள்ள அடுக்குகளுக்குப் போட்டிருந்த பாய்கள் காலியாகக் கிடந்தன.

கேள்வி உண்டா என்று சிவசைலம் கேட்டார். கேட்பதற்கு முன்பே முடிவுரைக்காகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கேள்வி வராது என்ற நம்பிக்கை.

சிலுவை எழுந்தார். ஐயம்பெருமாள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "இரும் வே. பைய உக்காரும். நமக்கு எதுக்கு?"

"விடும் வே" என்று சிலுவை வேட்டியை உருவிக்கொண்டார். "ஐயா, ஒரு சந்தேகம். மகேஷ் தம்பி இந்தத் தடவ ஒரு ஆட்டமும் ஜெயிக்கல. அவரு ஏன் இன்னும் இறங்கல?"

மேடையில் யாரும் கோபப்படவில்லை. மகேஷே மைக்கை வாங்கினான்.

"நல்ல கேள்வி அண்ணே. தோக்கதுக்கும் ஒரு தகுதி வேணும். நான் தோத்தது பூராவும் பொதிகை ஆளுகட்ட. நீங்க ஜெயிச்சது யாருகிட்ட? புன்னைக்காயல் ஆளுகட்ட. உங்க வெற்றிய விட என் தோல்வி ஒசரத்துல இருக்கு. கீழ இருந்து பாக்கதுனால உங்களுக்கு அது தெரியல."

கை தட்டல் முடிந்ததும் சிவசைலம் சேர்த்துச் சொன்னார். "அதோடு, பொதிகைக்குக் கீழே அணை உண்டு. அணை மூடியிருக்கிறது. நீர் இருப்பு போதாது என்று கமிட்டி கருதுகிறது. திறந்தால்தானே இறங்க முடியும்?"

"சரிய்யா" என்றார் சிலுவை. "இன்னொண்ணு. நான் கடக்கரையில பொறந்தவன், அதனால கேக்கேன். கடல்ல போயி விழுந்த தண்ணி மேகமா ஏறித்தான பொதிகையில மழையாப் பெய்யுது? அப்பம் கடல்ல விழுந்தவன் நேரா உச்சிக்கில்லா போவணும்? தாஜ் முகம்மது பாய் எப்பம் வாராரு?"

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு மூட்டையைப் பார்த்தார்கள். அண்ணாச்சி குனிந்து செயலாளரின் காதில் என்னவோ சொன்னார்.

சிவசைலம் நிமிர்ந்தார். "மழை இந்த சீசனில் இல்லை."

கூட்டம் அத்துடன் முடிந்தது. நாற்காலிகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போதே இருவருடைய போனும் ஒன்றாக உதறின. புன்னைக்காயல் அடுக்கின் கடைசி ஆட்டம், ஞாயிறு காலை, சிலுவைக்கும் ஐயம்பெருமாளுக்கும். தோற்பவர் கடலுக்கு.

"நான்தான் சொன்னேம்லா, உக்காரும்னு" என்றார் ஐயம்பெருமாள்.

"ஆமா, நீரு சொன்னீரு" என்றார் சிலுவை.

ஞாயிற்றுக்கிழமை மூடின கிட்டங்கியின் வாசல் நிழலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினார்கள். எதிரெதிராக ஆடுகிறவர்கள் ஒரே துண்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சிலுவைக்கு நல்ல கண்பார்வை. காய் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஐயம்பெருமாளின் விரல்முட்டி வியர்வையில் வழுக்கியது. ஒரு தடவை தன் காய்க்குப் பதிலாக ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளிவிட்டார்.

"பைய ஆடும் வே. என்ன அவசரம்?" என்றார் சிலுவை. எதிராளிக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

கடைசியில் சிலுவைக்கு ஒரே ஒரு காய். குழி வாசலிலேயே கிடந்தது. ஐயம்பெருமாள் அடித்தது தவறியது. அந்த நேரம் பார்த்து சிலுவையின் போன் அடித்தது. அவர் மகள் ஃபெமினா. சிலுவை போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லு மக்கா. சாப்பிட்டியா? அம்மா எங்க?" என்று பேச ஆரம்பித்தார்.

ஐயம்பெருமாளின் போனில் சிலுவையின் பெயரைச் சுற்றி ஒரு பச்சை வட்டம். முறை வந்தவர் ஆட வேண்டிய நேரம் அது; தீர்ந்துவிட்டால் ஆட்டமே எதிராளிக்கு. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது. பாதி போனது. மஞ்சளானது. உம்ம முறை வே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. பீடித்தட்டுக்கு முன்னால் தங்கத்தாய் இருமுவது ஞாபகம் வந்தது. ஆணியில் தொங்குகிற தாஜ் முகம்மதுவின் கொக்கி ஞாபகம் வந்தது. வட்டம் சிவப்பானது.

அவர் ஆற்றுப்பக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அங்கிருந்து ஆறு தெரியாது.

சிலுவை பேசி முடித்துப் போனைப் பார்த்தார். கவிழ்ந்த தோணியின் படம் வந்திருந்தது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

திங்கட்கிழமை கூடங்குளம் போகிற லாரி பின்பக்கத்தைக் கொடுத்து நின்றது. ஐயம்பெருமாள் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு ஒரு மூட்டைக்கு முன்னால் போய் நின்றார். நின்றபிறகுதான் அவருக்கு உறைத்தது. தரையில் கிடக்கிற மூட்டையை ஒரு ஆள் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து நெஞ்சு உயரத்துக்கு வீசி எழுப்பி, ஒருவர் கீழே நுழைந்து வாங்க, மற்றவர் தூக்கிவிட வேண்டும். மூட்டையின் அந்த முனை சும்மா கிடந்தது.

அண்ணாச்சி வந்தார். கூடவே சிவசைலமும் மகேஷும்.

"ஏலே, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்க?"

"தூக்கிவிட ஆள் இல்ல அண்ணாச்சி."

"சிலுவை எங்கலே?"

"கடல்ல இருக்காரு."

அண்ணாச்சி மகேஷைப் பார்த்தார். மகேஷ் ஒரு அடி பின்னால் போனான். சிவசைலம் குறுக்கே வந்தார். "முடியாது அண்ணாச்சி. அந்தந்த அடுக்கு ஆளைத்தான் அந்தந்த அடுக்கு ஆள் தூக்கிவிட முடியும். பொதிகை போய்ப் புன்னைக்காயலுக்குக் கை கொடுத்தால் ஆறு என்னத்துக்கு ஆகும்? ஏம்ப்பா, உன் அடுக்கில் வேறு யார் இருக்கா?"

"நான் மட்டும்தாம்யா."

சிவசைலம் போனைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுக்கில் ஒரே ஆள் என்பதால் முதலிடமும் ஐயம்பெருமாள், கடைசி இடமும் ஐயம்பெருமாள்.

"முதல் ஆளுன்னா மனு போடலாம்லாய்யா?" என்று ஐயம்பெருமாள் கேட்டார்.

"போடலாம். தாராளமாப் போடலாம். கமிட்டி பரிசீலிக்கும். ஆனால் கடைசி ஆளுக்கு இறக்கம் உடனே உண்டு. ரெண்டுமே சட்டம். எது முந்தி வருதோ அது முந்தி."

போன் உதறியது. ஐயம்பெருமாள் எடுத்துப் பார்க்கவில்லை. சும்மாட்டைக் கழற்றி உதறினார். கொக்கியைத் தானே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். வெளியே நடந்தார். வாசலில் சிலுவை நின்றார், விட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கை வந்து எடுத்துக் கையில் பிடித்தபடி.

"என்ன வே, நீருமா?"

"நானுந்தான்." ஐயம்பெருமாள் தரையைப் பார்த்தார். "நேத்து உம்ம முறைன்னு நான் சொல்லாம இருந்துட்டேன் வே."

"தெரியும். உம்ம எடத்துல நான் இருந்தாலும் வாயத் தொறந்திருக்க மாட்டேன். பயம்லா."

அப்போது உள்ளே மூன்று போன்கள் ஒரே நேரத்தில் உதறின. 'காலியான அடுக்குகள் நீக்கப்பட்டன. கடைசி அடுக்கு: பொதிகை. கடைசி இடம்: மகேஷ்.'

"மாமா, அணை மூடித்தான இருக்கு?" என்று மகேஷ் கேட்டான்.

சிவசைலம்தான் பதில் சொன்னார். "அணைக்குக் கீழே ஆறு இருந்தால்தானே தம்பி அணை? இப்போ உனக்கு அடுத்தது கடல்தான்." சொல்லிவிட்டுத் தன் இடம் மகேஷுக்கு எத்தனை படி மேலே என்று அவசரமாகத் தேடினார். அடுத்த படிதான். அண்ணாச்சியும் தன் போனை யாரும் பார்க்காதபடி நெஞ்சோடு திருப்பி வைத்துக்கொண்டார். மூன்று பேர் முகத்திலும் இருந்த வெளுப்பை வாசலில் நின்ற ஐயம்பெருமாள் பார்த்தார். அது என்ன வெளுப்பு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

லாரி டிரைவர் ஹாரனை அமுக்கினார். "எவனாவது ஒருத்தன் தூக்குங்கய்யா. நான் வெயிலுக்கு முந்தி ஊர் போயிச் சேரணும்."

"ஐயம்பெருமாளு" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். ஏலே என்பது காணாமல் போயிருந்தது. "நீ சுமக்க வேண்டாம். கடைசி ஆளு மகேஷ் சுமப்பான். அவனுக்குத் தூக்கி மட்டும் விடு. உன் மனுவப் பத்தி நாளைக்கே பேசுவோம். சிலுவை, நீயும் ஒரு கை குடு."

சிலுவை சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்கவே இல்லை. ஐயம்பெருமாள் உள்ளே போனார். பயம்தான் கூட்டிக்கொண்டு போனது. வேறு காரணம் சொல்ல முடியாது. தன் துண்டையே சுருட்டி மகேஷின் தலையில் வைத்தார்.

"கழுத்த நேரா வச்சிக்கிடும் தம்பி. முட்டிய மடக்கும். இந்த முனையப் புடியும்."

வீசி எழுப்பினார். முக்கால் கனம் தானே தாங்கி, மூட்டையை மகேஷின் தலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார். மூட்டைக்குக் கீழே மகேஷின் கழுத்து நரம்பு புடைத்து, கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தன. லாரி எங்கேயோ கண்காணாத தூரத்தில் நிற்பதுபோல அவன் அதைப் பார்த்தான்.

"அண்ணே, விட்டுராதீங்க. விட்டுராதீங்கண்ணே."

தூக்கிவிட்டவன் கையை எடுத்தால்தான் சுமக்கிறவன் நடக்க முடியும். ஐயம்பெருமாள் கையை எடுத்தார்.